மருந்து இலையில் நிற்கவில்லையா? சோப்பு திரிகிறதா? தண்ணீரின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு சின்னச் சோதனையில் இருந்து தொடங்கலாம். இரண்டு டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். செடியில் வெடித்த பருத்தியை எடுத்து, விதையை நீக்கிவிட்டு, அந்தப் பஞ்சில் சிறிதளவு ஒரு டம்ளரில் போடுங்கள். மருந்துக்கடையில் வாங்கிய பஞ்சில் அதே அளவு எடுத்து இன்னொரு டம்ளரில் போடுங்கள். காட்டில் இருந்து வந்த பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். மருந்துக்கடைப் பஞ்சு சில விநாடிகளில் நனைந்து மூழ்கிவிடும். மருத்துவப் பஞ்சுக்கான தரச் சோதனைகளில் இதுவும் ஒன்று. 10 விநாடிகளுக்குள் அது மூழ்கியாக வேண்டும்.

இரண்டும் பருத்திதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பஞ்சு இழையின் மேல் மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. எடையில் 100-க்கு 1 பங்குகூட வராது. ஆனால், அது இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. காஸ்டிக் சோடா சேர்த்து வேகவைத்து, வெளுத்து எடுத்தால் அந்த மெழுகு போய்விடும். பிறகு அதே இழை தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும்.

கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி விவசாயிகளுக்கு இது பஞ்சோடு முடிகிற விஷயம் இல்லை. தெளித்த மருந்து இலையில் உருண்டு ஓடுவது, வேப்பெண்ணெய்க் கரைசல் திரிவது, சொட்டுநீர்க் குழாய் வெள்ளையாக அடைப்பது, கரிசல் நிலம் மழைக்குப் பிறகு சிமென்ட் தரைபோல இறுகுவது என எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே காரணம்தான். தண்ணீர் எதோடு ஒட்டும், எதோடு ஒட்டாது என்பதுதான் அது. இதைத் தெரிந்துகொண்டால் மருந்துக்கும் உரத்துக்கும் செலவழித்த பணம் வீணாகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு ஆக்சிஜன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தது ஒரு தண்ணீர் மூலக்கூறு. அணுக்கள் சேருவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. சமையல் உப்பில் சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்கே கொடுத்துவிடுகிறது. அதனால் ஒன்று நேர்மின்சுமை, மற்றொன்று எதிர்மின்சுமை பெற்று ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. இது அயனிப் பிணைப்பு. தண்ணீரில் கொடுத்துவிடுவது இல்லை. எலக்ட்ரான்களைக் கூட்டாக வைத்துக்கொள்கின்றன. இது சகப்பிணைப்பு.

கூட்டு என்றாலும் சம பங்கு கிடையாது. ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானை இழுக்கும் வலு அதிகம். எலக்ட்ரான் கவர்தன்மை அளவில் ஆக்சிஜனுக்கு 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. அதனால் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமையும் நிற்கின்றன.

இதுமட்டும் போதாது, வடிவமும் சேர வேண்டும். கார்பன் டை ஆக்சைடிலும் ஆக்சிஜன் இப்படித்தான் இழுக்கிறது. ஆனால், அதன் மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் எதிரெதிரே இழுப்பதால் இழுப்பு சமமாகிவிடுகிறது. தண்ணீர் மூலக்கூறு 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கிறது. ஆண்டாள் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வடங்களையும் முன்பக்கமாக, சற்று விரித்துப் பிடித்து இழுத்தால் தேர் நகரும். ஒரு வடத்தை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் கட்டி இழுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். தண்ணீர் முதல் வகை, கார்பன் டை ஆக்சைடு இரண்டாவது வகை. இப்படி ஒரு முனை நேராகவும் மறுமுனை எதிராகவும் இருப்பதை முனைவுத் தன்மை என்கிறார்கள்.

முனைகள் இருப்பதால் ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் பிணைப்பின் வலுவில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்குதான் இதற்கு உண்டு. ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். அறுந்து அறுந்து மறுபடியும் சேரும். ஆனால், எண்ணிக்கையில் மிக அதிகம். இது இல்லாவிட்டால் தண்ணீர் நம் ஊர் வெயிலில் திரவமாகவே இருக்காது. ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதே குடும்பத்தில் இருக்கும் கந்தகம், ஹைட்ரஜனோடு சேர்ந்தால் வருவது ஹைட்ரஜன் சல்பைடு. அது தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறு. ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. தண்ணீருக்கு 100 டிகிரி தேவைப்படுகிறது.

பஞ்சுக்கு வருவோம். பஞ்சு இழையில் 100-க்கு 90 பங்குக்கு மேல் செல்லுலோஸ். அதில் உள்ள ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் மூன்று இருக்கின்றன. தண்ணீர் பிடித்துக்கொள்ள அவை கைப்பிடிகள் மாதிரி. மெழுகிலும் எண்ணெயிலும் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அங்கே எலக்ட்ரான்கள் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. தண்ணீருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதனால் தண்ணீர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு துளியாகச் சுருண்டுவிடுகிறது.

தெளிப்பு மருந்து உருண்டு ஓடுவது ஏன்?

இலையின் மேலும் மெழுகுப் படலம் உண்டு. வாழை, சேப்பங்கிழங்கு, முட்டைகோஸ் இலைகளில் துளி உருளுவதைத் தினமும் பார்க்கிறோம். பூச்சியின் உடம்பிலும் மெழுகு இருக்கிறது. பருத்தியில் வரும் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பூச்சு மெழுகுதான். தென்னையில் சுருள் வெள்ளை ஈ இலைக்கு அடியில் விட்டுவைக்கும் வெண்ணிறப் படலமும் மெழுகுதான். வெறும் தண்ணீரில் கலந்த மருந்து இவற்றின்மேல் பட்டால், துளி துளியாக உருண்டு கீழே விழுந்துவிடும். மாவுப்பூச்சிக்கு மருந்தடித்தும் கேட்கவில்லை என்று சொல்கிறவர்கள், மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அது பூச்சியின்மேல் நின்றதா என்று பார்க்க வேண்டும். அளவைக் கூட்டி அடிப்பதால் நிற்காது.

இங்கேதான் சோப்பு வேலை செய்கிறது. சோப்பு மூலக்கூறுக்கு நீளமான வால் ஒன்று, சின்னத் தலை ஒன்று. வால் எண்ணெய்க் குணம் கொண்டது. மெழுகோடும் எண்ணெயோடும் சேரும். தலைக்கு மின்சுமை உண்டு, தண்ணீரோடு சேரும். இரண்டுக்கும் நடுவே நின்று கைகோத்துவிடுகிறது. சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரியில் மீட்டருக்கு 72.8 மில்லி நியூட்டன். நல்ல சோப்புக் கரைசலில் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். துளி உருண்டையாக நிற்காமல் இலையில் பரவும்.

வேப்பெண்ணெய் 3 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 30 மி.லி.; 10 லிட்டர் டேங்கிற்கு 300 மி.லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றிவிட்டு மேலே சோப்பைப் போடுகிறவர்கள் நிறைய பேர். அது சரியான முறை கிடையாது. முதலில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் ஒரு சின்ன வாளியில் சேர்த்து, பால்போல வெள்ளையாக வரும்வரை நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சோப்பு எவ்வளவு போதும் என்பதை உங்கள் தண்ணீரிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே எண்ணெய் தனியாக மிதந்தால் சோப்பு போதவில்லை. அப்படியே அடித்தால் டேங்கில் முதலில் தண்ணீரும் கடைசியில் எண்ணெயும் வரும். கடைசி வரிசைச் செடிகள் கருகும்.

அதற்காகச் சோப்பை அள்ளிப் போடவும் கூடாது. இலையின் மெழுகும் கரைந்து ஓரம் காயும். உச்சி வெயிலில் அடித்தால் பாதிப்பு இன்னும் கூடும். மாலையில் அடியுங்கள்.

தென்னை ஓலையில் சுருள் வெள்ளை ஈயின் கழிவில் வளரும் கரும்பூஞ்சணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சித் தெளிக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். இதில் விஷம் எதுவும் இல்லை. மாவுச்சத்தும் பஞ்சைப் போலவே ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்தது. ஈரத்தில் பரவி ஒட்டிக்கொள்கிறது. காய்ந்ததும் பொருக்காக உதிரும்போது பூஞ்சணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது.

போர்வெல் தண்ணீரில் சோப்பு திரிந்தால்

சோப்பு போட்டும் நுரை வராமல், வெள்ளைத் திரியாக மிதக்கிறதா? அது கடின நீர். மழை பெய்யும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கலந்து லேசான அமிலமாகிறது. அது பூமிக்குள் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. நம் மாவட்டத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குக் குறைவில்லை. ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை வந்ததே அதை வைத்துத்தான். கரிசலை ஓரடி தோண்டினால் சுக்கான் கல் வருகிற காடுகள் எத்தனையோ.

கால்சியத்துக்கு இரட்டை நேர்மின்சுமை. அது சோப்பு மூலக்கூறுகளின் தலைகளை இரண்டு இரண்டாகப் பிடித்துக் கட்டிவிடுகிறது. தலை கட்டப்பட்டுவிட்டால் தண்ணீரோடு சேர ஒன்றும் இல்லை, திரிந்து மிதக்கிறது. தெளிப்பானின் வடிகட்டியையும் நாசிலையும் அடைக்கிறது. போட்ட சோப்பும் போச்சு, எண்ணெயும் பிரிந்துபோச்சு.

இதற்கு எளிய வழி, தெளிப்புக்கு மட்டும் தனியாகத் தண்ணீர் சேர்த்து வைப்பது. ஓட்டு வீட்டிலோ ஷெட்டிலோ பிடித்த மழைத்தண்ணீர் இரண்டு டிரம் இருந்தால் பல தெளிப்புகளுக்கு வரும். பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வத்திராயிருப்புப் பக்கத்துக் கால்வாய், கண்மாய்த் தண்ணீரும் ஆழ்துளைத் தண்ணீரைவிடப் பொதுவாகக் கடினம் குறைந்ததாகவே இருக்கும். கலங்கலாக இருந்தால் தெளியவைத்து எடுங்கள். போர்வெல் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால் சோப்புக்குப் பதிலாக டீப்பால் போன்ற திரவத்தைச் சேர்க்கலாம். அதன் தலைப்பகுதி கால்சியத்தோடு திரிவதில்லை. இயற்கை விவசாயச் சான்று வைத்திருப்பவர்கள் மட்டும் எதைச் சேர்க்கலாம் என்று சான்று அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

டி.ஏ.பி. 2 சதவீதக் கரைசலையும் கடின நீரில் போட்டால் ஒரு பகுதி கால்சியம் பாஸ்பேட்டாகக் கலங்கி அடியில் தங்கும். முதல்நாள் ஊறவைத்து மறுநாள் தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள் என்று சொல்வது இதுபோன்ற கசடு நாசிலை அடைக்காமல் இருக்கத்தான்.

நுரை நன்றாக வருகிறதா? ஏமாந்துவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நுரை பொங்குகிற, பருப்பு சீக்கிரம் வேகிற தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நினைப்பது வழக்கம். மழைத்தண்ணீர் என்றால் அது சரி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் யோசிக்க வேண்டும். அதில் கால்சியம் குறைந்து, சோடியம் பைகார்பனேட் கூடியிருக்கலாம். சமையல் சோடா போட்ட தண்ணீர் மாதிரிதான் அது. குடத்தில் நல்ல தண்ணீராகத் தெரிவது, கரிசல் காட்டுக்கு விஷம்.

களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. இரட்டைச் சுமை கொண்ட கால்சியம் இரண்டு துகள்களை நெருக்கிப் பிடித்துக் கட்டிவைக்கும். அதனால்தான் மண் பொலபொலவென்று இருக்கிறது. சோடியத்துக்கு ஒற்றைச் சுமை. தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைக் கூட்டி வைத்துக்கொண்டு மண் துகளைத் தளர்வாகத்தான் பிடிக்கும். துகள்கள் பிரிந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடும். காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. அதோடு தண்ணீரில் வரும் பைகார்பனேட், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடுவதால் சோடியத்தின் கை ஓங்குகிறது.

இந்தப் பாதிப்பு உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். பாசன நீரில் மொத்த உப்பு அதிகமாக இருக்கும்வரை துகள்கள் ஓரளவு சேர்ந்தே இருக்கும். கோடை முழுக்க நிலம் சாதாரணமாகத் தெரியும். ஐப்பசியில் உப்பில்லாத மழைத்தண்ணீர் விழுந்ததும் களிமண் கலைந்து மேலே பூசிக்கொள்ளும். மழை பெய்தும் ஈரம் இறங்காது, விதை முளைக்காது. மழையைக் குறை சொல்வோம். குற்றவாளி கோடையில் பாய்ச்சிய தண்ணீர்.

இதைக் கண்டுபிடிக்க இன்னொரு டம்ளர் சோதனை இருக்கிறது. நிலத்தில் இருந்து கொட்டைப்பாக்கு அளவு காய்ந்த மண்கட்டியை எடுத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள மழைத்தண்ணீரில் மெதுவாக விடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் ஆகும். கிணற்றுத் தண்ணீரில் செய்தால் உண்மை தெரியாது. டம்ளரை அசைக்காமல் சில மணி நேரம் வையுங்கள். கட்டி உதிர்ந்து விழுந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் படர்ந்தால் சோடியம் கூடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை நாலைந்து தடவை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, அன்றே மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பி.ஹெச்., உப்பின் மின்கடத்துத்திறன் ஆகிய இரண்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கார்பனேட், பைகார்பனேட், கால்சியம், மக்னீசியம், சோடியம் ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். கார்பனேட், பைகார்பனேட் இரண்டின் கூட்டுத்தொகையில் இருந்து கால்சியம், மக்னீசியம் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பது எஞ்சிய சோடியம் கார்பனேட். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலென்ட்டுக்குக் கீழ் இருந்தால் தைரியமாகப் பாய்ச்சலாம். 1.25 முதல் 2.5 வரை கவனம் தேவை. 2.5-ஐத் தாண்டினால் ஜிப்சம் இல்லாமல் கரிசலில் பாய்ச்ச வேண்டாம்.

ஜிப்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுவது கடினம் இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 1,02,800 லிட்டர். அதில் ஒரு மில்லி ஈக்விவலென்ட்டைக் குறைக்கச் சுமார் 9 கிலோ தூய ஜிப்சம் தேவை. உங்கள் தண்ணீரில் 5 இருக்கிறது, 2.5-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் ஒவ்வொரு ஏக்கர் அங்குலத்துக்கும் சுமார் 22 கிலோ. இரண்டு அங்குலப் பாசனம் என்றால் 44 கிலோ. கடையில் கிடைக்கும் ஜிப்சத்தின் தூய்மை குறைவாக இருந்தால் அதற்கேற்ப அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாசனத் தொட்டியிலோ வாய்க்காலிலோ ஜிப்சக் கட்டிகளைப் பரப்பி, அதன் வழியாகத் தண்ணீரை விடலாம். ஜிப்சம் லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவுக்கே கரையும் என்பதால், பொடியை வாளியில் கலக்கி ஊற்றி முடித்துவிடலாம் என்று பார்த்தால் நடக்காது.

சோடியம் பிரச்னைக்குத்தான் ஜிப்சம். தண்ணீரில் மொத்த உப்பே அதிகம் என்றால் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. அதுவும் ஓர் உப்புதானே. உப்பின் அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. நிலம் நனைந்திருக்கும், செடி வாடும். அந்த இடத்தில் பயிரை மாற்றுவதுதான் வழி. மண் சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 7.7 டெசி சீமென் வரைகூட வளர்ந்த பருத்தி மகசூல் குறையாமல் தாங்கும். முளைக்கும்போது அவ்வளவு தாங்காது. நெல் 3 வரை, கரும்பு 1.7 வரை, பீன்ஸ் 1 வரைதான்.

உரம் கரைப்பதிலும் சொட்டுநீரிலும்

உப்பு ஏன் கரைகிறது என்பதையும் இதோடு பார்த்துவிடலாம். தண்ணீரின் எதிர்முனைகள் சோடியத்தையும், நேர்முனைகள் குளோரினையும் சூழ்ந்துகொண்டு பிரித்தெடுத்துவிடுகின்றன. இரண்டு பக்கமும் வலுவான சுமை இருந்தால் தண்ணீரால் பிரிப்பது கடினம். கால்சியம் நைட்ரேட் தனியாக நன்றாகக் கரையும், அம்மோனியம் சல்பேட்டும் நன்றாகக் கரையும். இரண்டையும் ஒரே தொட்டியில் கெட்டியாகக் கலந்தால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகப் படிந்துவிடும். கால்சியம் நைட்ரேட்டை, சல்பேட் உரங்களோடும் பாஸ்பேட் உரங்களோடும் ஒரே நேரத்தில் விட வேண்டாம். வேறு நாளில் விடுங்கள்.

யூரியாவுக்கு மின்சுமை கிடையாது. ஆனால், ஹைட்ரஜன் பிணைப்பு மூலம் தண்ணீரோடு நன்றாகச் சேரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவே கரைந்துவிடும். கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் வாளி சில்லென்று ஆகிறது. சுமை இல்லாததால் இலையின் மெழுகுப் படலத்தையும் மற்ற உரங்களைவிட எளிதாகத் தாண்டுகிறது. இலைவழித் தெளிப்புக்கு யூரியா எடுப்பதற்கு இதுவும் காரணம். மண்ணில் அது அம்மோனியமாக மாறும்வரை தண்ணீரோடு எங்கும் ஓடும். அம்மோனியத்துக்கு நேர்மின்சுமை இருப்பதால் களிமண் பிடித்துக்கொள்ளும். அடுத்து நைட்ரேட் ஆனதும் எதிர்மின்சுமை வந்து மறுபடி ஓடும். மலையடிவாரச் செம்மண் மாந்தோப்புகளில் உரத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

சொட்டுநீர்க் குழாய் அடைப்பு, சோப்பு திரிந்த அதே கால்சியத்தின் வேலை. வெயிலில் குழாய் சூடாகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரைந்திருந்த சுண்ணாம்பு படிகிறது. அமிலம் விட்டுக் கழுவும்போது சொட்டுநீர் நிறுவனம் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

மண்ணிலும் மரத்திலும் தண்ணீர் ஏறுவது

தண்ணீர் மண் துகளைப் பிடித்து, தன்னையும் பிடித்துக்கொண்டு நுண்துளை வழியே மேலே ஏறும். ஒரு மில்லிமீட்டர் துளையில் 3 சென்டிமீட்டர், 0.1 மில்லிமீட்டர் துளையில் 30 சென்டிமீட்டர். செம்மண்ணில் துளைகள் பெரிது, கரிசலில் மிகச் சிறிது. கரிசலில் ஈரம் அடியில் இருந்து மேலே வந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு மட்டும் மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். கோடை உழவு போட்டுப் புழுதியாக வைத்திருந்தால் துளைகளின் தொடர்ச்சி அறுந்துவிடும். அடி ஈரமும் தங்கும், உப்பும் ஏறாது. மூடாக்கும் இதே வேலையைச் செய்யும்.

பழைய கிணறுகளில் மோட்டாரை உள்ளே மேடை கட்டி இறக்கி வைத்திருப்பார்கள். மேலே வைத்தால் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால், 20 மீட்டர் தென்னை மோட்டார் இல்லாமல் உச்சிக் குருத்துவரை தண்ணீர் ஏற்றுகிறது. இலையில் ஆவியாகும் ஒவ்வொரு மூலக்கூறும் பின்னால் இருப்பதை இழுக்க, ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்த தண்ணீர்க் கம்பி அறுபடாமல் மேலே வருகிறது. டிக்சன், ஜோலி என்ற இரண்டு ஐரிஷ் அறிவியலாளர்கள் 1894-ல் இதை விளக்கினார்கள். கடும் வறட்சியில் இந்தக் கம்பி நடுவில் அறுந்து காற்று புகுந்துவிடும். பிறகு தண்ணீர் விட்டாலும் அந்தக் குழாய் உடனே வேலைக்கு வராது. காய்ந்தபின் ஒரேயடியாகப் பாய்ச்சுவதைவிட, கொஞ்சமாக இருந்தாலும் விட்டு விட்டுக் கொடுப்பது தென்னைக்கு நல்லது.

விற்கும்போது பருத்தியின் ஈரம்

மெழுகு இருந்தாலும் காற்றில் உள்ள ஈரத்தைப் பஞ்சு மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் அப்படிப் பிடிக்காது. இந்தியப் பருத்திக் கழகம் முழு விலை தருவது 8 சதவீத ஈரப்பதம் வரைதான். அதற்கு மேல் 12 சதவீதம் வரை விலையைக் குறைத்து எடுப்பார்கள். அதையும் தாண்டினால் எடுப்பதில்லை. எடை கூடட்டும் என்று பனி ஈரத்தோடு அதிகாலையில் எடுத்துக் கட்டிவைக்கும் பருத்தி, விலையிலும் குறையும், சாக்குக்குள் சூடேறி நிறமும் மாறும். வெயில் ஏறிப் பனி உலர்ந்ததும் எடுங்கள். எடுத்த பருத்தியை நிழலில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்தி, தரையில் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்கி வையுங்கள். சிமென்ட் தரையும் நுண்துளை வழியே ஈரத்தை மேலே ஏற்றும்.